பச்சைச் சளிக்கு ஆறு குளிசை

தடிமன் பிடிச்சு நாலாம் நாள். காய்ச்சல் இல்லை, மூக்கடைப்பு, கன்னத்தில் பாரம், குனிஞ்சா தலையிடி, சளி பச்சை. "பச்சை எண்டா கிருமி, அன்டிபயோட்டிக் போடு" என்று வீட்டில் தீர்ப்பு. பாமசியில் துண்டு கேட்காமலே ஆறு அமொக்சிசிலின். இதைத்தான் நாங்கள் பீனிசத்துக்கு வைத்தியம் என்கிறோம். இது வைத்தியமே இல்லை.

சளியின் நிறம் எதையும் நிரூபிக்காது. வைரஸ் தடிமனிலும் சளி பச்சையாகும். தடிமன்களில் நூற்றுக்கு இரண்டு கூட பக்டீரியாப் பீனிசமாக மாறுவது அரிது. அதைச் சந்தேகிக்க மூன்று அடையாளங்கள் உண்டு: 10 நாளாகியும் குறையாமல் இருப்பது, தொடக்கத்திலேயே 39 பாகைக் காய்ச்சலோடு சீழ்ச்சளியோ முகவலியோ மூன்று நான்கு நாள் தொடர்வது, சுகமாகி வந்து திரும்ப மோசமாவது. எக்ஸ்ரேயும் உதவாது, வைரஸா பக்டீரியாவா என்று அது பிரிச்சுக் காட்டாது.

"குடிச்சாப் பிறகு சுகம் வந்ததே" என்பார்கள். தானாக மாறுகிற நாளில்தான் அது வந்தது. வேலை செய்தது உடம்பு, பேர் குளிசைக்கு. இந்த நாட்களுக்குப் பரசிற்றமோலும், கொதிச்சு ஆறின தண்ணியில் உப்புக் கரைச்சு மூக்கைக் கழுவுவதும், ஓய்வும் போதும். கண்ணைச் சுற்றி வீங்கினால், பார்வை மங்கினால், கழுத்து விறைச்சால் மட்டும் ஒரு நாளும் பொறுக்கக்கூடாது, உடனே ஆஸ்பத்திரி.

சனத்தைத் திட்டுறது லேசு. ஆனால் ஓய்வு யாருக்குக் கிடைக்குது? நாட்கூலிக்குப் போறவர் ஓ.பி.டி. வரிசையில் நிண்டால் அண்டைய சம்பளம் போச்சு; பாமசியில் ரெண்டு நிமிசம். காசு கட்டி வந்தவரை வெறுங்கையோடு அனுப்பத் தயங்கித் தனியார் வைத்தியரும் எழுதிக் குடுக்கிறார். துண்டில்லாமல் அன்டிபயோட்டிக் விற்கக்கூடாதென்று சட்டம் இருக்கு, கேட்கத்தான் ஆளில்லை.

பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங் 1945 இலேயே தன் நோபல் உரையில் எச்சரித்தார்: கடையில் எவரும் வாங்கும் காலம் வரும், அரைகுறையாகக் குடித்துக் கிருமியைப் பழக்கிவிடுவார்கள் என்று. அந்தக் காலம் எங்கட சந்திக்கு வந்து கனகாலம். அதுக்கு விலை குடுக்கப்போறது தடிமன்காரர் இல்லை; நாளைக்கு நியூமோனியாவோடு வாட்டில் கிடக்கும் எங்கட அம்மம்மா. அண்டைக்கு அந்தக் கிருமி மருந்துக்கு மசியாது.

பாமசி துண்டு கேட்க வேணும். "இப்ப தேவையில்லை, பத்து நாளில குறையாட்டி வாங்கோ" என்று சொல்ல வைத்தியர் நேரம் ஒதுக்க வேணும். அதைக் கேட்டு, குளிசை இல்லாமல் வீட்ட வர நாங்கள் பழக வேணும்.