டீச்சர் வீட்டு இண்ட் சுசுகிக்கு என்ன விலை சொல்றது?

எங்க தெருவுல டூ வீலர் பத்தி எது கேட்கணும்னாலும் என்கிட்டதான் வருவாங்க. நான் மெக்கானிக் எல்லாம் இல்லை. ஞாயித்துக்கிழமை ஆனா லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, பழைய வண்டி ஏதாவதை வாசல்ல பிரிச்சுப் போட்டு உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். பிரிச்சதுல பாதி திரும்ப சேர்றதில்லைங்கிறது வீட்டம்மாவோட நிரந்தரக் குற்றச்சாட்டு. (உண்மைதான். ஆனா ஒத்துக்கறதில்லை :-))

அப்படித்தான் போன மாசம் நாலு வீடு தள்ளி இருக்கிற டீச்சர் கூப்பிட்டு அனுப்பினாங்க. ரிட்டயர் ஆன தமிழ் டீச்சர். அவங்க வீட்டுக்காரரை நாங்க எல்லாரும் சார்னுதான் கூப்பிடுவோம். 2019-ல தவறிட்டார்.

"தம்பி, சாரோட வண்டி பின்னாடி ஷெட்ல நிக்குது. காயலான் கடைக்காரர் ஆறாயிரம் தர்றேங்கிறார். பையன் சென்னையில இருந்து 'குடுத்துடுங்கம்மா, இடமாவது மிஞ்சும்'ங்கிறான். நீ பார்த்து ஒரு விலை சொல்லுப்பா. நீ சொன்னா சரியா இருக்கும்."

ஷெட்ல போய் மேல கிடந்த சாக்கையும் பழைய போர்வையையும் எடுத்தேன். சிவப்புக் கலர், 1985 இண்ட் சுசுகி ஏ.எக்ஸ் 100. டயர்ல காத்து இல்லை, சீட் மேல பல்லி முட்டை. ஆனா வண்டியில ஒரு இடத்துலகூட மறு பெயின்ட் இல்லை. டேங்க் பேட்ஜ், சைடு கவர், ஹெட்லைட் ரிம், டூல் கிட் பை வரைக்கும் கம்பெனியில இருந்து வந்தது வந்தபடி இருந்துச்சு. டி.என். 45 எல்லாம் வர்றதுக்கு முந்தின, மூணெழுத்துப் பழைய நம்பர்.

இது எப்படிப்பட்ட வண்டின்னு தெரியாதவங்களுக்கு நாலு வரி. 80-களோட தொடக்கத்துல நம்மூர்ல மோட்டார் சைக்கிள்னா புல்லட், ராஜ்தூத், யெஸ்டி. எல்லாமே கொஞ்சம் கனமான சமாச்சாரம். 1984-ல ஓசூர்ல டி.வி.எஸ். காரங்களும் ஜப்பான் சுசுகியும் சேர்ந்து இந்த 98 சிசி, ரெண்டு ஸ்ட்ரோக் வண்டியை விட்டாங்க. ஜப்பான் கூட்டுல வந்த 100 சிசி வண்டிகள்ல இதுதான் முதல். அடுத்த வருஷமே ஹீரோ ஹோண்டா சி.டி. 100-ம் யமஹா ஆர்.எக்ஸ் 100-ம் வந்தாச்சு, அதுக்கப்புறம் கவாசாகி பஜாஜ் கே.பி. 100. இன்னைக்கு ரோட்டுல ஓடுற அத்தனை சின்ன வண்டிக்கும் வழி போட்டது அந்த நாலு பேர்தான்.

சரி, மேட்டருக்கு வர்றேன். அந்த வண்டியைப் பார்த்ததும் எனக்கு விலை தோணலை. எனக்கு அது வேணும்னுதான் தோணுச்சு. பத்தாயிரம்னு சொல்லியிருந்தா டீச்சர் சந்தோஷமா தலையாட்டியிருப்பாங்க. காயலான் கடையை விட நாலாயிரம் ஜாஸ்தி, எனக்கும் நல்ல பையன்னு பேர். நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சுங்க. "ரெண்டு நாள் டைம் குடுங்க டீச்சர்"னு சொல்லிட்டுத் தப்பிச்சு ஓடி வந்துட்டேன்.

அந்த ரெண்டு நாள் யோசிச்சதைத்தான் இங்க எழுதறேன். பழைய சின்ன வண்டிக்கு விலை போடறதுல நாம ரெண்டு தப்பு பண்றோம்.

முதல் தப்பு, காயலான் கடைக் கணக்கு. இரும்பு இத்தனை கிலோ, அலுமினியம் இத்தனை கிலோ, பழசு, ஓடாது, அதனால ஆறாயிரம். இதுல அந்த வியாபாரியைத் திட்ட ஒண்ணுமில்லை. அவர் எடை பார்க்கிறவர், எடைக்கு விலை சொல்றார். எடைக்கு மேல அதுல ஒண்ணுமே இல்லைன்னு நாம நம்பறதுதான் தப்பு.

ரெண்டாவது தப்பு, ஆர்.எக்ஸ் 100 கணக்கு. "ஆர்.எக்ஸ் லட்ச ரூபாய்க்கு மேல போகுதாமே, இதுவும் அதே வயசு, அதே 98 சிசி, இதுக்கும் லட்சம்"னு ஆரம்பிக்கிறவங்க. ஐயா, மொதல்ல அந்த லட்சம் கேட்கிற விலை. கை மாறின விலைதான் விலை. அடுத்தது, ஆர்.எக்ஸ் 11 குதிரை சக்தி, அந்தச் சத்தம், அந்த இழுப்பு. 1996 வரைக்கும் வந்த வண்டிங்கிறதால ஆளும் ஜாஸ்தி, உதிரி பாகமும் ஜாஸ்தி. காலேஜ் படிக்கும்போது அடுத்தவன் ஆர்.எக்ஸ்ல போறதைப் பஸ் ஸ்டாப்புல நின்னு பார்த்தவன் இன்னைக்கு சம்பாதிச்சு, அந்த ஏக்கத்துக்கு சேர்த்துக் காசு குடுக்கிறான். இண்ட் சுசுகி வாங்கினது யாரு? வாத்தியார், பேங்க் கிளார்க், எல்.ஐ.சி. ஏஜென்ட். பையனை ஸ்கூல்ல விட்டுட்டு ஆபீஸ் போற வண்டி. அதைப் பார்த்து யாரும் ஏங்கலை. அதனால அதுக்கு ஏக்க விலை கிடையாது. நல்ல வண்டி, ஆனா சந்தையில கூட்டம் இல்லை. இதையும் ஒத்துக்கத்தான் வேணும்.

அப்போ எதை வெச்சு விலை போடறது? திரும்பக் கிடைக்காதது எதுவோ அதுக்குத்தான் விலைங்கிறது என் கட்சி.

பழைய வண்டி பார்க்கப் போற எல்லாரும் மொதல்ல இன்ஜினைத்தான் பார்ப்பாங்க. நான் கடைசியாத்தான் பார்ப்பேன். இன்ஜின்ல கெட்டுப் போறது பெரும்பாலும் சரி பண்ணக் கூடியது. வருஷக்கணக்கா நின்ன ரெண்டு ஸ்ட்ரோக்ல கிராங்க் ஆயில் சீல் காஞ்சு போயிருக்கும். அந்த வழியா காத்து இழுத்தா, ஆக்சிலேட்டரை விட்டாலும் ரேஸ் இறங்காது, அப்படியே ஓட்டினா பிஸ்டன் ஜாம். சீலை மாத்தினா தீர்ந்தது. கார்புரேட்டர்ல பழைய பெட்ரோல் பிசினாட்டம் அடைச்சிருக்கும், கழுவினா தீர்ந்தது. போர் தேஞ்சிருந்தா ரீபோர் பண்ணி பெரிய சைஸ் பிஸ்டன் போடலாம்.

ஆனா சைடு கவர்? டேங்க் பேட்ஜ்? அந்தக் காலத்து பெயின்ட்? அதை எந்தப் பட்டறையிலயும் பண்ண முடியாது. பண்ணினா அது வேற பெயின்ட். பளபளன்னு புது பெயின்ட் அடிச்சு விக்கிற வண்டியை விட, வெளுத்துப் போன ஒரிஜினல் பெயின்ட் வண்டிக்கு நான் ஜாஸ்தி குடுப்பேன். புது பெயின்ட்டுக்கு அடியில டிங்கரிங் பட்டி எவ்வளவு இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

இன்னொரு சின்ன விஷயம். இன்ஜின் கவர்ல இருக்கிற ஸ்டார் ஸ்க்ரூ தலைகளைப் பாருங்க. கடிச்சுக் கொதறியிருந்தா, பொருந்தாத ஸ்க்ரூ டிரைவரை வெச்சு யாரோ பல தடவை பிரிச்சிருக்காங்கன்னு அர்த்தம். சார் வண்டியில ஒரு தலைகூட சிதையலை. டார்ச் அடிச்சு டேங்க் உள்ளே பார்த்தேன், லேசான துருதான். இன்ஜின் நம்பர், சேஸி நம்பர் ரெண்டும் ஆர்.சி. புக்கோட அட்சரம் பிசகாம ஒத்துப் போச்சு.

அப்புறம் டீச்சர் ஒரு நாற்பது பக்க நோட்டு குடுத்தாங்க. எந்தத் தேதியில ஆயில் மாத்தினது, எப்போ செயின் மாத்தினது எல்லாம் சார் கையெழுத்துல. கூடவே 1985 பில். என்னைக் கேட்டா, அந்த நோட்டுக்கு மட்டும் தனியா ஒரு விலை இருக்கு.

இனி கழித்தல் கணக்கு. ஆர்.சி. 15 வருஷத்துக்கு, அப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா புதுப்பிக்கணும். சார் ஒழுங்கா பண்ணியிருக்கார். 2020-ல பண்ண வேண்டியதுக்கு அவர் இல்லை. இப்போ மொதல்ல வாரிசு பேருக்கு மாத்தப் படிவம் 31, புதுப்பிக்கப் படிவம் 25, தாமதக் கட்டணம், பசுமை வரி, இன்ஷூரன்ஸ். டூ வீலர் புதுப்பிக்கிற கட்டணம் ஒரு காலத்துல 300 ரூபாய். 2022 ஏப்ரல்ல 1,000 ஆச்சு. 20 வருஷம் தாண்டின வண்டிக்கு 2025 ஆகஸ்ட்ல 2,000 ஆக்கிட்டாங்க. "விண்டேஜ்னு பதிஞ்சுக்கலாமே"ன்னு ஒரு நண்பர் கேட்டார். 2021-ல வந்த விதிப்படி அதுக்கு 50 வயசு ஆகணும். நம்ம ஆளுக்கு 2035-லதான் அந்த யோகம். அப்படிப் பதிஞ்சாலும் தினம் ஓட்ட முடியாது.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்னுங்கிறது பைக்குக்குப் பொருந்தாது. ஓடினா ஒரு விலை, நின்னா ஒரு விலை. ஓடற நிலையில, பேப்பரும் சரியா இருந்தா இந்த வண்டிக்கு ஐம்பதாயிரம் நியாயம்னு எனக்குப் பட்டுச்சு. டயர், சீல், கேபிள், பேட்டரி, கூலிக்கு 12,000. பேப்பர் வேலை, அலைச்சலுக்கு 6,000. ஆக 32,000. என் மெக்கானிக்கைக் கேட்டேன், இருபத்தஞ்சுன்னார். கோயமுத்தூர்ல பழைய வண்டி சேர்க்கிற நண்பருக்கு போட்டோ அனுப்பினேன், கண்ணை மூடிக்கிட்டு நாற்பதுன்னார்.

மூணு கணக்கையும் ஒரு பேப்பர்ல எழுதி டீச்சர்கிட்ட குடுத்தேன். குடுக்கும்போதே சொல்லிட்டேன்: "டீச்சர், இந்த வண்டியை நானே வாங்கணும்னு ஆசைப்படறேன். அதனால என் கணக்கைக் கொஞ்சம் சந்தேகத்தோடயே பாருங்க."

கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நிதானமா வாசிச்சாங்க. ஏதோ பரிட்சைப் பேப்பர் திருத்தற மாதிரி இருந்துச்சு. அப்புறம் கேட்டாங்க:

"இதே வண்டி உன் வீட்டுல நிக்குது, நான் வாங்க வர்றேன்னு வை. முப்பத்திரெண்டுக்குக் குடுப்பியா?"

வாயடைச்சுப் போயிட்டேன். குடுக்க மாட்டேன். சத்தியமா குடுக்க மாட்டேன்.

"நாற்பதுக்குக் குறைஞ்சு குடுக்க மாட்டேன் டீச்சர்."

"அப்போ நாற்பது."

அவ்வளவுதாங்க. எனக்கு ரெண்டு நாள் எடுத்ததை அவங்க ஒரு கேள்வியில முடிச்சுட்டாங்க. வாங்கறவனா நின்னு பார்த்தா வண்டியில கழிக்க வேண்டியது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுது. விக்கறவனா நின்னு பார்த்தாத்தான் கூட்ட வேண்டியதும் தெரியுது. சைடு கவர், ஸ்க்ரூ தலை, நோட்டுன்னு அத்தனையும் பெருமையா எழுதின நானே, ஐம்பதுங்கிற மொதல் எண்ணை என் ஆசைக்குத் தோதா கீழேயே வெச்சுட்டு, நேர்மையா கழிச்சிருக்கேன்!

பழைய வண்டி பைத்தியங்களுக்கு (என்னையும் சேர்த்துத்தான்) ஒரு வேண்டுகோள். நம்மகிட்ட விலை கேட்கிறவங்க பெரும்பாலும் அந்த வண்டியை ஓட்டினவங்க இல்லை. ஓட்டினவர் போயிட்டார். இருக்கிறவங்களுக்கு அது ஷெட்டை அடைச்சுக்கிட்டு நிக்கிற ஒரு சாமான். "அஞ்சாயிரத்துக்கு அமுக்கிட்டேன் மச்சி"ன்னு சொல்லிக்கிறதுல என்ன சாமர்த்தியம் இருக்கு? தெரிஞ்சவன் தெரியாதவங்ககிட்ட பண்றதுக்குப் பேர் பேரம் இல்லை. விலை கேட்டு வந்தா, நமக்கும் அந்த வண்டி மேல கண்ணு இருக்குன்னா, அதை மொதல்ல சொல்லிடுவோம். அப்புறம் டீச்சர் கேட்ட கேள்வியை நம்மையே கேட்டுக்குவோம்.

உங்க வீட்டுப் பின்பக்கமும் சாக்கு போர்த்தின வண்டி ஏதாவது நிக்குதா? காயலான் கடைக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை சாக்கை விலக்கிப் பாருங்க.

பி.கு: டேங்க்ல வலது பக்கம் ஒரு சொட்டை இருக்கு. அவங்க பையன் அஞ்சாவது படிக்கும்போது ஸ்டாண்டை எடுத்து விளையாடி வண்டியைச் சாய்ச்சானாம். சார் ஒரு வார்த்தை திட்டலையாம், நோட்டுல மட்டும் தேதி போட்டு எழுதியிருக்கார். டிங்கரிங் பண்ணப் போறதில்லை. "நாற்பதாயிரம் குடுத்து சொட்டை விழுந்த வண்டி"ன்னு வீட்டம்மா தினமும் ஒரு தடவை சொல்லிட்டுத்தான் காபி குடுக்கிறாங்க :-)