திண்ணை யாருக்கு?

வெளியூர் உறவினர்கள் புதுச்சேரிக்கு வந்தால் முதலில் கேட்பது, "பிரெஞ்சுக்காரர் வீடுகள் எங்கே?" கடற்கரைப் பக்கம் கைகாட்டி அனுப்பிவிடுவேன். மஞ்சள் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். வில் பிளான்ஷ் வீடுகள் அப்படித்தான். உயரமான மதில், பெரிய கதவு, அதற்குப் பின்னால் தோட்டம், வளைவுத் தூண்கள். அழகெல்லாம் உள்ளே இருப்பவருக்கு.

பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வாருங்கள். வைசியாள் வீதியில் வீடு தெருவிலேயே தொடங்குகிறது. மரத்தூண் தாங்கிய ஓட்டுத் தாழ்வாரம் வழிப்போக்கருக்கு, திண்ணை வந்தவருக்கு, நடையைத் தாண்டினால் முற்றம் வீட்டாருக்கு. பல வீடுகளில் மாடி மட்டும் பிரெஞ்சு பாணி. கீழே தமிழ், மேலே பிரெஞ்சு; நாங்கள் வகுப்பில் ஒன்றும் வீட்டில் ஒன்றும் பேசியதைப்போல!

நான் இருப்பது லாஸ்பேட்டையில். காம்பவுண்டுச் சுவர், இரும்பு கேட், மாடிப்படிக்குக் கீழே ஸ்கூட்டர். ரெயின்போ நகரிலும் இதேதான், கூடுதலாக மழைக்காலத்தில் தண்ணீர். அடுக்குமாடியைக் குறை சொல்ல மாட்டேன், முழங்கால் வலிக்காரனுக்கு லிப்ட் பெரிய உபகாரம். ஆனால் தபால்காரர் இரண்டு நிமிடம் உட்கார இங்கெல்லாம் இடம் கிடையாது.

2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய யூனியன் நிதியோடு இன்டாக் அமைப்பு வைசியாள் வீதியின் வீட்டு முகப்புகளைச் சீர்செய்தது. நல்ல காரியம். ஒரு வீதியோடு போதுமா? மற்றத் தெருக்களில் நாலு அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரிந்த வீடுகள். ஓடு ஒழுகுகிறது. சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனார் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் கூலி கட்டாது. பில்டர் வந்து கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை.

கூரையைப் பழுதுபார்க்க அரசு வீட்டுக்காரர் கையிலேயே பணம் கொடுக்கட்டும். ஒரே நிபந்தனை, தாழ்வாரமும் திண்ணையும் தெருவுக்குத் திறந்திருக்க வேண்டும். ஓட்டலாக மாறிய வீடு ஒன்றில் திண்ணைக்குக் கயிறு கட்டியிருப்பதைப் பார்த்தேன். உட்காரப் போனால் காவலாளி வருகிறார். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு காசும் தரக்கூடாது.

இன்னொன்று, வேலை பார்த்த காலமெல்லாம் கோப்பு நகர்த்தியவன் என்ற முறையில்: விண்ணப்பம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகலைக் கேட்டு யாரையும் மூன்று முறை அலைக்கழிக்கவும் வேண்டாம்.