சர்வர் வாடகை: ஒண்டுக் குடித்தனமா, தனி வீடா?

கம்ப்யூட்டர் சர்வரை வாடகைக்கு எடுப்பது பெரிய கம்பெனிகளின் காரியம் என்றிருந்த காலம் போய்விட்டது. மாட்டுங்காவிலும் தாராவியிலும் கடை வைத்திருக்கும் நம்மவர் சிலர் கணக்கு வழக்குகளை அங்கே ஏற்றி வைக்கிறார்கள். சிறிய தமிழ்ச் சங்கம் ஒன்று உறுப்பினர் பட்டியலையும் சந்தா வரவையும் அங்கே வைக்க நினைக்கிறது. குமாஸ்தா வேலை பார்ப்பவரின் பிள்ளை, கல்லூரியில் படித்ததைப் பழகிப் பார்ப்பதற்கு மாதம் சில நூறு ரூபாயில் ஒரு வி.பி.எஸ். வேண்டும் என்கிறான். வீட்டு வாடகையும் ஊருக்கு அனுப்புவதும் போக மிஞ்சுகிற பணத்தில் சில நூறு ரூபாய் என்பது அலட்சியமான தொகையல்ல. அதற்குக் கிடைப்பது என்ன என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

விளம்பரங்கள் சொல்வது இவ்வளவுதான்: நினைவகம் இத்தனை ஜி.பி., டிஸ்க் இத்தனை ஜி.பி., விலை இவ்வளவு. எங்கே நினைவகம் அதிகமோ அங்கே பணத்தைக் கட்டிவிடுகிறோம். ஒரு பெரிய இயந்திரத்தைப் பல பேருக்குப் பங்கு போட்டு விற்கிறார்களே, அந்தப் பங்கு எந்த முறையில் போடப்படுகிறது என்று கேட்பவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம்.

மலிவுச் சந்தையில் நெடுநாளாகப் புழங்கும் முறைகள் இரண்டு. ஒன்று ஓப்பன் வி.இசட். மற்றொன்று கே.வி.எம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்து 2003-ல் வெளிவந்த ஸென் என்று ஒன்றும் உண்டு. அமேசான் 2006-ல் தன் வாடகைக் கம்ப்யூட்டர் சேவையைத் தொடங்கியது அதை வைத்துத்தான். ஆனால் அமேசானே 2017 முதல் புதிய ரகங்களைக் கே.வி.எம். அடிப்படைக்கு மாற்றத் தொடங்கிவிட்டதால், நம் ஆராய்ச்சிக்கு ஸென்னை விட்டுவிடலாம்.

ஓப்பன் வி.இசட். 2005-ல் வந்தது. அதில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே கர்னல். கர்னல் என்பது நினைவகம், டிஸ்க், இணைப்பு எல்லாவற்றையும் பங்கிட்டுக் கொடுக்கும் மூல நிரல். சென்னையில் ஒண்டுக் குடித்தனம் இருந்தவர்களுக்கும் இங்கே சாலில் வசிப்பவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அவரவர்க்கு ஓர் அறை, கதவு, பூட்டு உண்டு. குழாயும் கழிப்பறையும் பொது. தண்ணீர் மோட்டாரின் சாவி வீட்டுக்காரர் கையில்.

கே.வி.எம். என்பது 2007 பிப்ரவரியில் லினக்ஸோடு சேர்ந்தது. அதில் ஒவ்வொரு வாடகைதாரருக்கும் தனிக் கர்னல். சிப்பிலேயே இருக்கும் வசதியைக் கொண்டு ஒரு முழு இயந்திரம் இருப்பது போலவே பாவனை செய்து தருகிறார்கள். நிலம் ஒன்றானாலும் குழாயும் மீட்டரும் தனி. கர்னலை நாமே புதுப்பித்துக் கொள்ளலாம், விரும்பிய இயக்க முறையை ஏற்றிக் கொள்ளலாம்.

ஒண்டுக் குடித்தனத்துக்கும் சாதகம் இல்லாமல் இல்லை. தனித் தனிக் கர்னலுக்கு ஆகும் நினைவகம் மிச்சம், வேகமும் குறையாது. ஆகவே விலை குறைவு. 128 எம்.பி. நினைவகத்தில் ஓர் அறிவிப்புப் பக்கத்தை மட்டும் வைக்கிறவருக்கு அது போதும். சங்கடம் எங்கே வருகிறதென்றால், அந்த மிச்சத்தை விற்பவர் பல தடவை விற்கும்போதுதான். 64 ஜி.பி. உள்ள இயந்திரத்தில் நூறு பேருக்கு ஆளுக்கு 2 ஜி.பி. என்று விற்றார் என்று வைத்துக் கொள்வோம். விற்றது 200, இருப்பது 64. எல்லாரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் நடக்கும் வியாபாரம் இது. திறந்துவிட்டால், நம் டேட்டாபேஸ் நிரல் நடுராத்திரியில் செத்துக் கிடக்கும். காரணம் கேட்டால் "உங்கள் நிரலில்தான் கோளாறு" என்று பதில் வரும். கே.வி.எம்.மிலும் இந்த வித்தையைச் செய்யலாம். ஆனால் இயந்திரம் முழுவதுமே தள்ளாட ஆரம்பித்துவிடுமாகையால் அளவுக்கு மீறிச் செய்வது கடினம்.

இதைவிடப் பெரிய குறை கர்னலின் வயது. ஓப்பன் வி.இசட். ஆறாம் பதிப்பு 2.6.32 என்ற பழைய கர்னலை நம்பியிருந்தது. 2016-ல் வந்த ஏழாம் பதிப்பு 3.10-ஐ நம்பியது. இவற்றுக்கு ஆதாரமான ரெட் ஹாட் பதிப்புகளின் சாதாரணப் பராமரிப்புக் காலம் முறையே 2020 நவம்பரிலும் 2024 ஜூனிலும் முடிந்து போயிற்று. ஆறாம் பதிப்பில் டாக்கர் ஓடாமல் தவித்தவர்கள் எத்தனையோ பேர். நாம் என்னதான் ஒழுங்காக இருந்தாலும், வீட்டுக்காரர் மோட்டாரை மாற்றாதவரை நமக்குப் பழைய தண்ணீர்தான்.

பாதுகாப்பும் இதில் சேரும். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற சிப் கோளாறு வெளியானபோது, ஒரே கர்னலைப் பகிரும் முறைகள் அதற்கு இலக்காகும் என்று கண்டுபிடித்தவர்கள் ஓப்பன் வி.இசட்.டைப் பெயர் சொல்லியே எச்சரித்தார்கள். அது மட்டுமல்ல. ஒண்டுக் குடித்தனத்தில் வீட்டுக்காரர் ஒரே கட்டளையில் நம் அறைக்குள் வந்துவிட முடியும். கே.வி.எம்.மில் டிஸ்க்கைச் சங்கேதப்படுத்திப் பூட்டி வைக்கலாம். இயந்திரத்தின் சொந்தக்காரர் முனைந்தால் அதையும் மீறலாம் என்பது உண்மைதான். ஆனால் சும்மா எட்டிப் பார்ப்பது நடக்காது. சந்தா கட்டியவர்களின் தொலைபேசி எண்களை வைத்திருக்கும் சங்கத்துக்கு இது அற்ப விஷயமல்ல.

ஆகவே, ஒரே விலையில் 2 ஜி.பி. ஓப்பன் வி.இசட்.டும் 1 ஜி.பி. கே.வி.எம்.மும் எதிரே இருந்தால், இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். எல்.எக்ஸ்.சி. என்ற பெயரில் சிலர் விற்பதும் ஒண்டுக் குடித்தனத்தில் சேர்ந்ததே. கர்னல் சற்றுப் புதிதாக இருக்கலாம், அவ்வளவுதான்.

கே.வி.எம். என்று எழுதியிருப்பதாலேயே கண்ணை மூடிக் கொண்டு வாங்கிவிடவும் கூடாது. நினைவகம் தனி என்றாலும் சி.பி.யு.வும் டிஸ்க்கும் பங்குதான். லினக்ஸில் டாப் என்ற கட்டளையைக் கொடுத்தால் எஸ்.டி. என்ற எழுத்துகளோடு ஓர் எண் வரும். நமக்குச் சேர வேண்டிய சி.பி.யு. நேரத்தில் எத்தனை சதவிகிதம் பக்கத்து வீட்டுக்குப் போகிறது என்பதை அது காட்டிக் கொடுக்கும். எந்நேரமும் அது இரட்டை இலக்கத்தில் நின்றால் இடம் மாறுவதே மேல். காலையில் ஒரு தடவை, இரவு ஒன்பது மணிக்கு ஒரு தடவை என்று ஒரு வாரம் பார்த்தால் விற்பவரின் யோக்கியதை தெரிந்துவிடும்.

தீபாவளி போனஸ் வந்த கையோடு வருஷச் சந்தாவைக் கட்டிவிடும் பழக்கம் நம்மவரிடம் உண்டு; தள்ளுபடியும் அப்போதுதான் தருகிறார்கள். முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். பணம் கட்டுவதற்கு முன்பே எந்த முறை, கர்னலை நாமே மாற்றலாமா என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டு நாளாகியும் நேர்ப் பதில் வராவிட்டால் அடுத்த கடையைப் பார்க்கலாம். எந்தக் கடையானாலும், கணக்குகளின் நகல் ஒன்று வாரம் ஒரு முறை வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும்படி பையனை ஏற்பாடு செய்து வைக்கச் சொல்லுங்கள்.