அஞ்சாவது சனிக்கிழமை

ஐ.வி. போறாங்கன்னு சொன்னதும் உங்க கிளாஸ்ல முதல் ஆளா பேர் குடுக்கறது யாரு பாஸ்? எங்க கிளாஸ்ல அது அடியேன்தான். வீட்ல அதுக்கு 'இண்டஸ்ட்ரியல் விசிட்'னு முழுப் பேர் சொல்லுவோம். மூணு நாள்ல ஒன்றரை மணி நேரம் ஃபேக்டரி, மீதியெல்லாம் பிருந்தாவன் கார்டன். ஊரறிஞ்ச ரகசியம், விடுங்க.

2006 ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை. தேர்ட் இயர். சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் பையை வீசிட்டு அம்மாகிட்ட சொன்னேன்.

"மைசூர் டூரும்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டோணும்."

"எவ்வளவு கண்ணு?"

"ரெண்டாயிரத்து ஐநூறு."

"சரி, பாக்கலாம்."

அவ்வளவுதான் பேச்சு. புதன்கிழமை காலைல அஞ்சு ஐநூறு ரூபாய் நோட்டு மடிச்சு என் சட்டைப் பையில இருந்துச்சு. எங்கிருந்து வந்துச்சுன்னு நான் கேக்கல. ஏ.டி.எம். மெஷின்கிட்ட யாராச்சும் கேப்பாங்களா? போனேன், பஸ்ல பின் சீட்ல டான்ஸ் ஆடினேன், வரும்போது அம்மாவுக்கு ஒரு சந்தன சோப்பு வாங்கிட்டு வந்தேன். பெரிய தியாகி மாதிரி நினைப்பு வேற.

எங்க வீட்டு நிலவரம் இதுதான். அப்பா கோயமுத்தூர் கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறைல டர்னர். வாரச் சம்பளம், சனிக்கிழமை சாயந்திரம் கைல 1,100 ரூபாய். எங்க ஊர்ப் பக்கம் பாதிக் குடும்பம் இப்படித்தான். பட்டறை, தறி, திருப்பூர் பனியன் கம்பெனி எல்லாத்துலயும் சனிக்கிழமைதான் காசு. ஆனா வீட்டு வாடகை 1,200 மாசத்துக்கு ஒருதடவை. கேஸ், கரண்ட், தங்கச்சி ஸ்கூல், என் எக்ஸாம் ஃபீஸ் எதுவும் சனிக்கிழமை பாத்து வராது. வர்ற காசுக்கு ஒரு காலண்டர், போற காசுக்கு வேற காலண்டர். ரெண்டையும் ஒட்டவெச்சு ஓட்டறதுதான் அம்மாவோட வேலை.

அந்த வருஷ ஜூன்லதான் ரேஷன் அரிசி கிலோ மூணரை ரூபாய்ல இருந்து 2 ரூபாய்க்கு வந்துச்சு. (2008 செப்டம்பர்ல 1 ரூபாய், 2011 ஜூன்ல இலவசம்.) 20 கிலோவுக்கு மாசம் 30 ரூபாய் மிச்சம். முப்பது ரூபாய்ல என்ன ஆகப்போகுதுன்னு அப்ப நான் சிரிச்சேன். அம்மா சிரிக்கல.

டூர் முடிஞ்சு வந்ததும் ஒரு மாற்றம். ஞாயித்துக்கிழமை கறி எடுக்கறது நின்னுபோச்சு. அரிசிம்பருப்பு, இல்லைன்னா தட்டப்பயறு குழம்பு. நமக்குத்தான் அரிசிம்பருப்புன்னா உசுராச்சே! "சூப்பர்மா, வாரா வாரம் இதையே செய்"னு ரெண்டாவது தடவையும் போடச்சொல்லி சாப்பிட்டேன். இப்ப நினைச்சாலும் என் தலைல நானே குட்டிக்கத் தோணும்.

அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 21, சனிக்கிழமை. முந்தின நாள் சாயந்திரம் வீட்டு வாசல்ல பைக் சத்தம். ஒரு அண்ணன், கைல ரப்பர் பேண்ட் போட்ட அட்டைக் கட்டு. "அம்மா இல்லீங்களா தம்பி? நாளைக்கு நோம்பி, அதனால இன்னைக்கே வந்துட்டேன்"ன்னார். அம்மா உள்ள இருந்து வந்து 300 ரூபாய் குடுத்தாங்க. அவர் அட்டைல ஒரு கட்டத்துல கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பினார். அட்டைய எட்டிப் பாத்தேன். பத்து கட்டம், ஒன்பதுல கையெழுத்து. மேல தேதி ஆகஸ்ட் 22. நான் காசு கேட்டதுக்கு மறுநாள்.

வாரத் தண்டல் கேள்விப்பட்டிருக்கீங்களா? உங்கள்ல சில பேருக்கு என்னைவிட நல்லாவே தெரிஞ்சிருக்கும். தெரியாதவங்களுக்குச் சொல்றேன். 3,000 ரூபாய் கடன்னு எழுதிக்குவாங்க. வட்டி 450-ஐ முதல்லயே பிடிச்சுக்கிட்டு 2,550 கைல தருவாங்க. வாரம் 300 வீதம் பத்து வாரத்துல 3,000-மும் கட்டணும். 'ஆயிரத்துக்கு நூத்தைம்பது தானே'ன்னு தோணும். ஆனா முதல் வாரத்துல இருந்தே அசலும் திரும்பிப் போய்க்கிட்டே இருக்கு, முழுக் காசும் பத்து வாரம் நம்மகிட்ட இருக்கறதே இல்லை. ஒழுங்காக் கணக்குப் போட்டா வாரத்துக்குக் கிட்டத்தட்ட 3 சதவீதம். வருஷக் கணக்குல 150 சதவீதத்தைத் தாண்டும். இந்த மாதிரி அநியாய வட்டிக்கு எதிரா தமிழ்நாட்டுல 2003-லயே சட்டம் வந்தாச்சு. அதுக்கு எங்க தெருவுக்கு வழி தெரியல போலிருக்கு.

1,100 ரூபாய் சம்பளத்துல வாரம் 300 போச்சுன்னா மீதி 800. கறி ஏன் நின்னுச்சுன்னு அன்னைக்குத்தான் என் இன்ஜினியரிங் மூளைக்கு எட்டுச்சு.

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"ன்னு கொஞ்சம் கோவமாவே கேட்டேன். அழுவாங்கன்னு நினைச்சேன். அம்மா என்னை ஒரு மாதிரி பாத்தாங்க.

"நீ எங்கிட்ட எப்பச் சொன்ன? நாலு நாள் இருக்கறப்போ. டூர் போறது உனக்கு எப்பத் தெரியும்?"

"ஜூன்லயே..."

"ஜூலை அஞ்சு வாரமடா. அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த அஞ்சாவது வாரத்த எடுத்து வெச்சிருப்பேன்ல. மீதிக்கு உங்கப்பா பட்டறைல முன்பணம் கேட்டிருப்பாரு. அவிய குடுக்கறதுக்கு ரெண்டு வாரம் இழுப்பாங்க, ஆனா வட்டி இல்லை."

அப்புறம் சமையக்கட்டுல தொங்கற காலண்டரைக் காட்டினாங்க. சில மாசத்துல கடைசி சனிக்கிழமைய பேனாவால சுழிச்சிருந்துச்சு. நானும் வருஷா வருஷம் பாக்கறேன், ஏதோ விரதம்னு நினைச்சிருந்தேன்! வருஷத்துக்கு 52 சனிக்கிழமை. மாசத்துக்கு நாலுன்னு வெச்சா 48. மீதி நாலு எங்க போச்சு? வருஷத்துல நாலு மாசத்துக்கு (எப்பவாச்சும் அஞ்சு மாசத்துக்கு) அஞ்சு சனிக்கிழமை வரும். 2006-ல ஏப்ரல், ஜூலை, செப்டம்பர், டிசம்பர். வாடகை மாறாது, ஆனா சம்பளம் ஒண்ணு கூட. தங்கச்சி புஸ்தகம், என் ஃபீஸ், ரிப்பேர் ஆன மிக்ஸி எல்லாமே அந்த நாலு சுழிக்குள்ளதான் நடந்திருக்கு. ஜூலையோட சுழி, யாரும் எதுவும் சொல்லாததால மளிகைக்கடை பாக்கிக்குப் போயிருச்சு. நான் வாயத் திறக்காம இருந்ததுக்கு ஃபைன் 450 ரூபாய்.

சிக்கனம்னு பத்திரிகைல வர்ற டிப்ஸைப் பாருங்க (நம்ம பத்திரிகையும் சேர்த்துத்தான்). 'மாச சாமானை மொத்தமா வாங்குங்க'ம்பாங்க. சனிக்கிழமை 1,100 வாங்கற வீட்ல மொத்தமா வாங்கறதுக்கு மொத்தம் எங்க இருக்கு? கால் லிட்டர் எண்ணெய், அரைக் கிலோ துவரம்பருப்புன்னுதான் வாங்க முடியும், சில்லறையா வாங்கறதுக்கு விலையும் கூடக் குடுக்கணும். 'டீ காபியக் குறைங்க'ன்னு இன்னொரு டிப்ஸ். அந்த 450 ரூபாய்க்கு அன்னைக்குக் கேன்டீன்ல எத்தனை டீ குடிக்கலாம் தெரியுமா? நான் ரெண்டு மாசம் டீயை விட்டிருந்தாலும் அதை ஈடு கட்டியிருக்க முடியாது.

கரண்ட் பில்லும் இப்படித்தான். 2022 செப்டம்பர்ல தமிழ்நாட்டுல வந்த வீட்டுக் கட்டணத்தையே எடுத்துக்கோங்க. ரெண்டு மாசத்துக்குச் சரியா 500 யூனிட்னா பில் 1,725 ரூபாய். 501 ஆச்சுன்னா 1,958! அந்த ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். 500-ஐத் தாண்டினதும் கீழ இருக்கற யூனிட்டுக்கும் வேற ரேட் போட்டுட்டாங்க, அதான். அதுக்கப்புறம் ரேட் மாறிடுச்சு, புது அட்டவணையப் பாத்துக்கோங்க. நான் சொல்ல வந்தது, ரீடிங் எடுக்க வர்றதுக்குப் பத்து நாள் முன்னாடி மீட்டரை ஒரு தடவை எட்டிப் பாத்தவனுக்கு 233 மிச்சம். தினமும் ஃபேனை நிறுத்திட்டு வேர்த்துக் கிடந்தவனுக்குக்கூட அவ்வளவு வராது.

அதனால இந்த வாரம் உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க வீட்ல காசு எந்தத் தேதில வருதுன்னு உங்களுக்குத் தெரியுமா? எவ்வளவுன்னு கேக்கல, எப்போ? அப்பா ஆட்டோ ஓட்டறார்னா தினமும் வரும், ஆனா மழை மாசத்துல குறையும். மஞ்சள் போட்ட வீடுன்னா அறுவடைக்கு அப்புறம்தான். கரும்புன்னா ஆலைக்காரங்க குடுக்கறப்போ. அது தெரிஞ்சுதுன்னா அடுத்து ஒரு பேப்பர் எடுங்க. இந்த செமஸ்டர்ல வரப்போற செலவெல்லாம் எழுதுங்க. எக்ஸாம் ஃபீஸ், ரெக்கார்டு, லேப் கோட், சிம்போசியம், ஐ.வி., ஃபேர்வெல். எவ்வளவு ஆகும்னு தெரியலைன்னா சீனியரைப் பிடிங்க, போன வருஷ ரேட் அவருக்கு அத்துப்படி. அந்தப் பேப்பரை முதல் வாரத்துலயே வீட்ல குடுத்துருங்க. 'இது முடியாது சாமி'ன்னு சில வரிய அடிச்சுத் தருவாங்க. தரட்டும். நாலு நாள் முன்னாடி கேட்டா உங்கம்மாவுக்கு முடியாதுன்னு சொல்ற வாய்ப்புக்கூடக் கிடையாது, அதை யோசிச்சுப் பாருங்க.

உங்கள்ல ரெப் யாராச்சும் இருந்தா உங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. எங்க டூருக்கு எட்டுப் பேர் வரல. ஒருத்தனுக்குக் காய்ச்சல், ஒருத்திக்கு அக்கா கல்யாணம், இன்னொருத்தனுக்கு 'பஸ்ல வாந்தி வரும்டா'. எல்லாரும் திங்கட்கிழமை நல்லாத்தான் காலேஜுக்கு வந்தாங்க, அக்கா கல்யாணத்துக்கு யாருக்கும் பத்திரிகை வரல. ஜூன்லயே தொகையச் சொல்லி, மாசம் ஐநூறுன்னு வாங்கியிருந்தா அதுல நாலு பேராவது வந்திருப்பாங்க. அப்ப இது ரெப்புக்கும் தோணல, பேர் குடுக்க முதல் ஆளா ஓடின எனக்கும் தோணல.

அடுத்த வருஷம் பிளேஸ்மென்ட். இன்டர்வியூவுக்கு ஷூ வேணும், நான் அதுவரைக்கும் ஷூ போட்டதே இல்லை. 2007 ஜூன் முதல் வாரமே அம்மாகிட்டச் சொல்லிட்டேன். காலண்டரைப் புரட்டிப் பாத்துட்டு "செப்டம்பர்"னாங்க, அவ்வளவுதான். செப்டம்பர் 29, அஞ்சாவது சனிக்கிழமை. அப்பா பட்டறைல இருந்து நேரா வந்தார், மூணு பேரும் ஒப்பணக்கார வீதிக்குப் போனோம். ரெண்டு கடை ஏறி இறங்கி வாங்கிட்டு வந்தோம். ராத்திரி அம்மா கணக்கு நோட்டை எடுத்து எழுதினதை இந்தத் தடவை பக்கத்துலயே உக்காந்து பாத்தேன்.

'தம்பி ஷூ - 649. ரொக்கம்.'