பேச்சுக்கு மட்டும் காசு வாங்குங்கள்!

ஊர் விட்டு ஊர் பேசுவது இப்போது இலவசம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். வரவு செலவு நோட்டு எழுதுகிற பெண்களைக் கேட்டுப் பாருங்கள், அது எவ்வளவு இலவசம் என்று தெரியும். தூரத்துக்குக் காசு வாங்குவது நின்றுவிட்டது, வாஸ்தவம்தான். ஆனால், நாம் கேட்காத சாமானையும் கூடையில் போட்டு, அதற்கும் சேர்த்துக் காசு வாங்குகிறார்களே, அதை என்னவென்று சொல்வது?

எஸ்.டி.டி. பூத்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, சிவப்பு எழுத்தில் ஓடுகிற மீட்டர். தூரம் கூடக் கூட மீட்டர் வேகமாக ஓடும். பகலில் முழுக் கட்டணம், ராத்திரி ஏற ஏற அது குறையும். அதற்காகவே நம் அம்மாமார் சாப்பாட்டுக் கடையை முடித்துவிட்டு, தூக்கக் கண்ணோடு பூத் வாசலில் காத்துக் கிடப்பார்கள். 2006 மார்ச்சில் பி.எஸ்.என்.எல். நாடு முழுக்க நிமிஷத்துக்கு ஒரு ரூபாய் என்று கொண்டுவந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு, பேச்சுக்கென்று தனிக் காசே இல்லை என்றாகிவிட்டது. பூத் காலம் கஷ்ட காலம்தான். ஆனால் அதில் ஒரு நியாயம் இருந்தது. பேசினால் காசு, பேசாவிட்டால் இல்லை.

இப்போது நிலைமை என்ன? நாங்கள் பிழைப்புக்காகத் திருப்பூரில் இருக்கிறோம். என் மாமியார் சங்கரன்கோவில் பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறார். கையில் பட்டன் போன். பச்சைப் பட்டனை அமுக்கி 'என்னம்மா, சாப்பிட்டியா?' என்று கேட்பார். அவ்வளவுதான் அவருக்குப் போன். அதற்கு நெட் எதற்கு? ஆனால் 28 நாளைக்கு 199 ரூபாய் கட்டி, அவர் கண்ணால்கூடப் பார்க்காத நெட்டையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதானே!

அந்த 28 நாள் கணக்கையும் கொஞ்சம் பாருங்கள். மாதக் கணக்கு மாதிரித்தான் தெரியும். ஆனால் வருஷத்துக்கு 12 தடவை அல்ல, 13 தடவை ரீசார்ஜ் செய்ய வேண்டும். 199-ஐ 13-ஆல் பெருக்கினால் 2,587 ரூபாய். பால்காரர்கூட மாதத்துக்கு 30 நாள் என்றுதான் கணக்கு எழுதுகிறார்! 30 நாள் பிளான் ஒன்றாவது, ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கிற பிளான் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியிலேயே டிராய் என்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவு போட்டது. இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதைவிடப் பெரிய சேதி ஒன்று இருக்கிறது. நாட்டில் இன்னும் சுமார் 15 கோடிப் பேர் சாதாரணப் போன்தான் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி, பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.சுக்கும் மட்டுமான பிளான் ஒன்றாவது எல்லாக் கம்பெனியும் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் கம்பெனிகளும் அறிவித்தன. அப்போது ஏர்டெல்லில் 84 நாளைக்கு 469, ஒரு வருஷத்துக்கு 1,849 ரூபாய். ஜியோவில் 84 நாளைக்கு 448, 336 நாளைக்கு 1,748 ரூபாய். 2,587 எங்கே, 1,849 எங்கே? 738 ரூபாய் மிச்சம். ஒரு பிள்ளையின் நோட்டுப் புத்தகச் செலவுக்கு ஆகுமே!

ஆனால் இந்தப் பிளானை நமக்கு யார் சொல்கிறார்கள்? எங்கள் தெருக் கடையில் கேட்டதற்கு, 'அப்படியெல்லாம் இல்லைக்கா, இதைப் போட்டுக்கோங்க' என்று நெட் பிளானைத்தான் நீட்டினார் அந்தத் தம்பி. கம்பெனி ஆப்பில் தேடினால், கலர் கலராக நெட் பிளான்களைத் தாண்டித் தாண்டி அடியில் கிடக்கிறது. விதி போட்டால் மட்டும் போதுமா? கடைச் சுவரில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டாமா?

இன்னொரு குறையும் உண்டு. வருஷக் காசை மொத்தமாகக் கட்டினால்தான் லாபம் என்பது கையில் காசு இருக்கிறவர்களுக்குத்தான் சரிப்படும். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்ணிடமும் முதியோர் பென்ஷனில் காலம் தள்ளுகிற பாட்டியிடமும் 1,849 ரூபாயை ஒரே நாளில் எடுத்து வை என்றால் எங்கே போவார்கள்? அவர்களுக்கு ஏற்ற மாதிரி, பேச்சுக்கு மட்டும் 30 நாள் பிளான் குறைந்த விலையில் எல்லாக் கம்பெனியிலும் வேண்டும்.

தவணை முடிந்தால் முதலில் நாம் பேச முடியாது. சில நாளில் நமக்கு வருகிற காலும் நின்றுவிடுகிறது. போன மழைக்காலத்தில் மாமியாருக்குக் காய்ச்சல். அந்த நேரம் பார்த்து ரீசார்ஜ் முடிந்துபோய், மூன்று நாள் எங்களால் பேச முடியவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுப் பையன் போனில்தான் சேதி தெரிந்தது. பேச்சுக்கு மட்டுமான பிளானிலாவது, தவணை முடிந்த பிறகும் வருகிற காலை மூன்று மாதம் விட்டு வைக்கக் கூடாதா? இதில் பேச்சு மட்டும் போவதில்லை. பாங்க் கணக்கும் காஸ் புக்கிங்கும் அந்த எண்ணில்தானே இருக்கிறது? இணைப்பை அடியோடு துண்டித்துவிட்டால், 90 நாளுக்குப் பிறகு அதே எண்ணை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

சகோதரிகளே, அடுத்த தடவை கடைக்குப் போகும்போது, 'பேசுறதுக்கு மட்டும் உள்ள பிளான் என்ன விலை?' என்று கறாராகக் கேளுங்கள். விலை அடிக்கடி மாறுகிறது. அதனால் இரண்டு கம்பெனி விலையையும் கேட்டு, நாள் கணக்கால் வகுத்துப் பாருங்கள். 84-ஆ, 336-ஆ, 365-ஆ என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லை என்று கடையில் சொன்னால் 198-க்குப் போன் போட்டு கம்பெனியிடமே கேளுங்கள். அங்கேயும் சரிப்படவில்லையா? எண்ணை மாற்றாமலே வேறு கம்பெனிக்குப் போக 2011-லிருந்து நமக்கு உரிமை இருக்கிறது. 'போர்ட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு உங்கள் எண்ணையும் அடித்து 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் வேலை தொடங்கிவிடும்.

சேலைக் கடையில் பத்து ரூபாய்க்கு அரை மணி பேரம் பேசுகிற நாம், இதில் மட்டும் ஏன் வாய் மூடி இருக்க வேண்டும்? அழுத பிள்ளைக்குத்தான் பால்!

- ஓர் இல்லத்தரசி, திருப்பூர்.