பெயருக்குச் சினம், நோய்க்கு உறக்கம்!

நோய் தீர்க்கப் புகும் மருத்துவமனையே புதுநோய் பெறும் இடமாகுமானால், மக்கள் ஏமம் தேடி எங்குச் செல்வர்? மருந்துக்கு மடியாத நுண்ணுயிர்கள் இன்று அறுவைக் கூடங்களிலும் உயிர்காப்புப் பிரிவுகளிலும் குடிகொண்டுள்ளன. 2019-ஆம் ஆண்டில் மட்டும் இவற்றால் உலகில் 12 இலக்கத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர்.

இதன் கரணியம் எளிது. கோடிக்கணக்கான நுண்ணுயிர்களுள் மருந்தைத் தாங்கவல்லன சில இருக்கும். மருந்து மற்றவற்றை அழிக்க, எஞ்சிய அச்சிலவே பெருகும். தம் ஆற்றலைப் பிற இனங்களுக்கும் வழங்கும். கழுவாத கைகளும் தூய்மை செய்யாத கருவிகளும் அவற்றைப் படுக்கைதோறும் கொண்டு சேர்க்கும். மெத்திசிலின் என்னும் மருந்து 1959-இல் புழக்கத்திற்கு வந்தது. 1961-இலேயே அதற்கு அடங்காத நுண்ணுயிர் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது.

இறுதிக் கையிருப்பான மருந்துகளையும் சிதைக்கும் நொதியம் ஒன்றைப் பற்றி, 2010-இல் இலான்செட் குழும ஆய்விதழ் எழுதியது. அதனைத் தாங்கிய நுண்ணுயிர்கள் சென்னையில் 44 கூறுகளிலும், அரியானாவில் 26 கூறுகளிலும், பிரித்தானியாவில் 37 கூறுகளிலும் காணப்பட்டன. நொதியத்திற்கு இடப்பட்டதோ புதுதில்லியின் பெயர்! உடனே தில்லி கொதித்தெழுந்தது. நாட்டின் மதிப்புக் கெட்டதென்றது. 2011-இல் இலான்செட் ஆசிரியர் அப்பெயருக்காக வருத்தமும் தெரிவித்தார். பெயரின் மானம் காக்கப்பட்டது, நோயாளியின் உயிர்?

2014 மார்ச்சு முதல், இத்தகைய மருந்துகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்றலாகாதென்றும், விற்பனையைப் பதிவேட்டில் எழுதவேண்டுமென்றும் விதி வந்தது. அட்டையில் சிவப்புக் கட்டமிட்ட எச்சரிக்கையும் அச்சாகிறது. எம்மொழியில்? ஆங்கிலத்தில்! அதை வாங்கி விழுங்கும் உழவனுக்கும் நெசவாளிக்கும் அச்சிவப்பு வெறும் வண்ணமே. தடுமனுக்கு இம்மருந்து பயன்படாதென்பதையும், மருத்துவர் குறித்த அளவை மீறவோ குறைக்கவோ கூடாதென்பதையும் அவர்க்கு யார் சொல்வது?

அட்டையில் தமிழ் ஏறிய அன்றே நுண்ணுயிர் மாண்டுவிடாது. மருத்துவமனைத் தூய்மையும், கடைகளில் கண்டிப்பும், மருத்துவரின் பொறுப்புணர்வும் உடன் வேண்டும். ஆயினும், தான் உண்ணும் மருந்தின் தன்மையைத் தன் தாய்மொழியில் அறியாத மக்களிடம் கட்டுப்பாட்டை எதிர்பார்ப்பது, விளக்கை மறைத்துவிட்டு வழி தவறினாய் என்று பழிப்பதாகும்.

தமிழ்நாட்டில் விற்கப்படும் ஒவ்வொரு மருந்தட்டையிலும் எச்சரிக்கை தமிழில் இருத்தல் வேண்டும். இது மொழிக்கான வேண்டுகோள் மட்டுமன்று, உயிர்க்கான உரிமை!