ஆஸ்பத்திரி அலர்ட்: மணி அடித்தால் மட்டும் போதுமா?

சிறுநீரகக் கோளாறு உள்ள ஒருவருக்குக் காலையில் ரத்தப் பரிசோதனை. பொட்டாசியம் 6.8 என்று வருகிறது. வழக்கமான அளவு சுமார் 3.5 முதல் 5 வரைதான். இந்த அளவுக்கு ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். முடிவு லேப் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. டாக்டரோ வேறு வார்டில் இருக்கிறார். "ரிசல்ட் வந்துடுச்சா?" என்று யாராவது போன் போட்டுக் கேட்கும்வரை அந்த எண் அங்கேயே கிடக்க வேண்டுமா?

இதற்குத் தீர்வுதான் 'சப்ஸ்கிரிப்ஷன்'. யூடியூபில் பெல் ஐகானைத் தட்டுவது மாதிரி. மருத்துவத் தரவுகளைப் பரிமாறிக்கொள்ள ஹெச்எல்7 அமைப்பு உருவாக்கிய தரநிலையின் பெயர் 'ஃபையர்'. இந்தியாவின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனும் இதன் ஆர்4 பதிப்பைத்தான் பின்பற்றுகிறது. "இப்படியொரு முடிவு வந்தால் இந்த முகவரிக்குச் சொல்" என்று ஒரு செயலி இதில் முன்கூட்டியே பதிந்துவைக்கலாம். 2023-ல் வந்த ஆர்5 பதிப்பு, தலைப்பு வாரியாகப் பதியும் வசதியைக் கொண்டுவந்தது.

சர்வர்லெஸ் எதற்கு?

அலர்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. காலையில் குவியும், நள்ளிரவில் ஒன்றுகூட வராது. அதற்காக ஒரு சர்வரை நாள் முழுக்க ஓடவிடுவது வீண் செலவு. 2014-ல் அமேசான் அறிமுகப்படுத்திய 'லாம்டா' போன்ற கிளவுட் ஃபங்ஷன்கள், அழைப்பு வந்தால் மட்டும் விழித்து, வேலையை முடித்துவிட்டு அடங்கிவிடும். ஓடின நேரத்துக்கு மட்டும் காசு. மைக்ரோசாஃப்ட், கூகுளிடமும் இதே வசதி உண்டு. பெயர்தான் சர்வர்லெஸ், சர்வர் இருக்கிறது, அதைப் பராமரிக்கும் வேலை நமக்கு இல்லை, அவ்வளவுதான்.

சிக்கல் எங்கே?

முதலாவது, ஒரே அலர்ட் இரண்டு முறை வரலாம். 'ஒரு முறையாவது சேர்ப்போம்' என்பதே பெரும்பாலான கிளவுட் சேவைகளின் உத்தரவாதம். 'ஒரே ஒரு முறை' என்பதல்ல. டாக்டருக்கு இரண்டு எஸ்எம்எஸ் போனால் எரிச்சலோடு போயிற்று. ஆனால், ஃபங்ஷன் தானாகவே மறுபரிசோதனைக்கு ஆர்டர் போடுமானால் நோயாளியின் கையில் இரண்டு தடவை ஊசி ஏறும். ஒவ்வொரு அலர்ட்டின் எண்ணையும் குறித்துவைத்து, பழையது வந்தால் ஒதுக்க வேண்டும்.

இரண்டாவது, அலர்ட் வராமலே போகலாம். இதுதான் ஆபத்து. ஏனென்றால், 'முடிவு இன்னும் வரவில்லை' என்பதும் 'அலர்ட் தொலைந்துவிட்டது' என்பதும் வெளியிலிருந்து ஒரே மாதிரிதான் தெரியும். ஆர்5-ல் இதற்கு வழி இருக்கிறது. செய்தி எதுவும் இல்லாத நேரத்திலும் 'இணைப்பு உயிரோடு இருக்கிறது' என்று சொல்லும் 'ஹார்ட்பீட்' ஒன்று. வரிசை எண் இன்னொன்று. 41-க்குப் பிறகு 43 வந்தால், 42 எங்கே என்று கேட்டு வாங்கலாம். ஃபங்ஷன் திரும்பத் திரும்பத் தோற்றால், அந்த அலர்ட்டைத் தூக்கி எறியாமல் 'டெட் லெட்டர் கியூ' எனப்படும் தனி வரிசையில் சேர்த்துவைக்க வேண்டும்.

மூன்றாவது, அந்தரங்கம். அலர்ட்டில் முழு மருத்துவ விவரத்தையும் அனுப்பலாம்; பதிவின் அடையாள எண்ணை மட்டுமும் அனுப்பலாம். முழு விவரம் அனுப்புவது சுலபம். ஆனால் பிழை தேடும் அவசரத்தில் யாரோ எழுதிய ஒரு வரியால், நோயாளியின் விவரம் மொத்தமும் லாக் ஃபைலில் போய்க் குந்திக்கொள்ளும். எண் மட்டும் வரட்டும். ஃபங்ஷன் உரிய அனுமதியோடு போய் விவரத்தை எடுத்துக்கொள்ளட்டும். ஒரு நொடி கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை.

யார் பார்ப்பது?

இவை எல்லாவற்றையும் ஒரு நல்ல டீம் செய்துவிடும். பெரும்பாலும் விடுபடுவது வேறொன்று. டெட் லெட்டர் கியூவில் இரவு 2 மணிக்கு விழும் அலர்ட்டை யார் பார்ப்பது? 'சிஸ்டம் பாத்துக்கும்' என்பது பதில் ஆகாது. ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் ஒருவர் பெயர் அங்கே இருக்க வேண்டும். டாக்டர் 'பார்த்துவிட்டேன்' என்று குறித்த நேரத்துக்குள் உறுதிசெய்யாவிட்டால், வார்டு நர்ஸுக்கு நேரடியாக போன் போக வேண்டும்.

திரையில் ஃபங்ஷன் 'சக்சஸ்' என்று பச்சை காட்டும். அலர்ட் கிளம்பியது என்பதற்குத்தான் அது சாட்சி. 6.8 என்ற எண்ணை ஒரு மனிதர் பார்த்து, நோயாளியின் படுக்கைக்குப் போனாரா என்பதை வைத்துத்தான் ஆஸ்பத்திரிகள் இந்தத் தொழில்நுட்பத்தை மதிப்பிட வேண்டும்.